பதினேழு வளைவும் வால்வு அண்ணனும்

போடிநாயக்கனூரில் வால்வு அண்ணனால் ரிப்பேர் பார்க்க முடியாத சாமான் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய வயிறு.

மற்றதெல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ரேடியோ, டேப்ரிக்கார்டர், டார்ச் லைட், எது வந்தாலும் காதோரம் வைத்து ஓர் ஆட்டு ஆட்டுவார். என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். தேவாரத்துப் பக்கம் தோட்டக் காவலுக்கு வைத்திருந்த டிரான்சிஸ்டர் ஒன்றை யானை மிதித்துவிட்டது. சொந்தக்காரர் அதை உரச்சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தார். நான்காம் நாள் அது பாடியது. அவர் நன்றி சொல்லவில்லை. "யானைக்கு முன்னாடி இலங்கையும் எடுத்துச்சே. இப்பத் திருச்சி மட்டுந்தான எடுக்குது" என்று குறைப்பட்டுக்கொண்டே போனார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. பழைய வால்வு ரேடியோக்களில் தொழில் பழகியவர் என்பதால் வால்வு. மனிதர்களையும் அவர் ரேடியோவாகத்தான் பார்த்தார். அதிகம் பேசுகிறவரைக் கண்டால், "வால்யூம் ஒட்டிக்கிருச்சு" என்பார். கோபக்காரரைப் பார்த்தால், "சூடேறுது, ஃபேன் வைக்கணும்" என்பார். ஒரே ஒரு கெட்ட பழக்கம். சாமானைச் சரிசெய்ய அவருக்கு ஒரு நாள் போதும், திருப்பித் தருவதற்கு ஒரு வருஷம் ஆகும். சரியான பிறகு அதை வைத்து அவருக்கு ஏதாவது ஒரு சோலி இருக்கும்.

அவர் கடைக்கு மேல்மாடியில்தான் நான் பாடம் சொல்லிக்கொடுத்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். எனக்கு இருபத்து நான்கு வயது; தட்டச்சில் ஒரு பிழைகூட விடாதவன் என்ற பெருமை இருந்தது. அதைத் தவிர வேறு சொத்து இல்லை. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் வால்வு அண்ணன் கீழேயிருந்து விளக்குமாற்றுக் கட்டையால் மேற்கூரையை இடிப்பார். மேலே பன்னிரண்டு மெஷின்களும் குதிக்கும். நான் இறங்கிப் போவேன்.

சரி, வயிற்று விஷயத்துக்கு வருகிறேன். மதுரைக்கு ரயிலில் போய்வந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. தேனிக்கு பஸ்சில் நின்றுகொண்டே போவார். ஆனால் வளைவு என்ற ஒன்று ஆகாது. போடியிலிருந்து மேற்கே மலை ஏறும் சாலை முந்தலில் தொடங்கிப் போடிமெட்டில் முடிகிறது. நடுவில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது வளைவில் வால்வு அண்ணன் ஜீப்பை நிறுத்தச் சொல்லிவிடுவார். நிறுத்துவதற்குள் காரியம் நடந்துவிடும். எலுமிச்சம்பழம் மோந்து பார்த்தார், புளி தின்றார், கண்ணைக் கட்டிக்கொண்டு போனார். கண்ணைக் கட்டிய அன்று இரண்டாவது வளைவிலேயே ஆகிவிட்டது. நடந்து போனால் என்ன என்று நடந்தும் பார்த்தார். மூன்றாவது வளைவில் நின்று கீழே பார்த்திருக்கிறார். போடி மொத்தமும் சுற்றியிருக்கிறது. சுற்றுகிற எதையும் பார்க்க முடியாததால் டேப்ரிக்கார்டர் ரிப்பேர் பார்க்கும்போதுகூட கேசட்டை ஒரு செய்தித்தாளால் மூடிவைத்துக்கொள்வார்.

இது சிரிக்கிற விஷயமாகத்தான் எங்களுக்கு இருந்தது. அவருடைய ஒரே தங்கை தங்கம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவளை மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. கல்யாணம் போடியில் நடந்ததால் தப்பித்தார். மறுவீட்டுக்குப் போகக் கிளம்பி மூன்றாவது வளைவோடு திரும்பினார். குழந்தை பிறந்தபோது கிளம்பி மறுபடியும் அதே வளைவு. ஆக, கட்டிக்கொடுத்து ஐந்து வருஷமாகியும் அண்ணன்காரன் தங்கச்சி வீட்டு வாசலைக் கண்ணால் பார்த்ததில்லை.

இப்போது குழந்தைக்கு மூன்று வயது. துபாயில் ஒரு பெரிய வீட்டுக்கு டிரைவராக இருந்த தங்கம்மா புருஷன் முருகேசன் இரண்டு மாச லீவில் வந்திருந்தான். லீவு முடிவதற்குள் பாப்பாவுக்குக் காது குத்த வேண்டும். அவர்கள் குல வழக்கப்படி தோட்டத்து ஓரத்தில் இருக்கும் அவர்கள் கோயிலில்தான் குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தங்கம்மாவின் மாமியார் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. "மாமன்னு ஒருத்தன் இருக்கான்னு சொல்றாக. ஆளக் கண்ணால கண்டதில்ல. மடிக்கு ஆள் வராட்டி எங்க பங்காளி ஒருத்தன உக்கார வச்சுக் குத்திக்கிறோம்" என்று சொல்லிவிட்டாள்.

அதை முருகேசன் கடைக்கு வந்து மென்று விழுங்கிச் சொன்னான். "தங்கம்மா என்ன சொல்லுச்சு மாப்ளே?" என்றார் வால்வு அண்ணன்.

"எம்பிள்ள ஊரான் மடியில உக்காந்துதான் காது குத்தணும்னா, குத்தவே வேணாம்னு சொல்லுது மச்சான். ரெண்டு நாளா அடுப்புப் பத்த வைக்கல."

வால்வு அண்ணன் கையிலிருந்த சால்டரிங் கம்பி மேஜையில் ஒரு ஓட்டை போட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

முருகேசன் பேச்சை மாற்றுவதற்காகப் பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தான். புத்தகம் அகலம், மேலே ரப்பர் பொத்தான்கள். முதலாளி வீட்டுப் பிள்ளையின் கம்ப்யூட்டராம். கெட்டுப்போனதைத் தூக்கிப்போட இருந்தார்களாம். எங்க ஊர்ல என் மச்சான் இருக்காரு, சரிபண்ணிக் கொண்டாறேன் என்று வாங்கி வந்திருக்கிறான். டி.வி.யில் சொருகினால் படம் வரும், விளையாடலாம், லீவு முடியும்போது திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்றான்.

வால்வு அண்ணன் அதைக் காதோரம் வைத்து ஆட்டினார். உள்ளே ஒரு கம்பி விட்டிருந்தது. அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. ஏலக்காய்க் கடை முதலாளி ஒருவர் ரிப்பேருக்குக் கொடுத்து எட்டு மாதமாகியும் போகாத ஒரு சின்ன டி.வி. தயாராக இருந்தது. சொருகினார். திரையில் ஒரு சின்னச் சதுரம் விட்டு விட்டு மின்னியது.

அப்போது கடையில் ஜீப்பு டிரைவர் சின்னச்சாமி டீ குடித்துக்கொண்டிருந்தார். விடிந்தால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறுகிறவர், கால் நூற்றாண்டாக அந்தப் பதினேழு வளைவிலும் குடித்தனம் நடத்துகிறவர். எல்லாக் கதையையும் கேட்டுவிட்டு ஒன்றைச் சொன்னார்.

"ஏம்ப்பா வால்வு, ஜீப்புல அம்புட்டுப் பேரும் கக்குறாக. ஓட்டுறவன் என்னைக்காச்சும் கக்கிப் பாத்திருக்கியா? எங்க திரும்பப் போகுதுன்னு அவனுக்கு முன்னாடியே தெரியும். அதான் விசயம்."

வால்வு அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "அப்ப நானே ஓட்டுனா?"

"ஒன்ன நம்பி எவன் ஜீப்பு குடுப்பான்?"

"யாரும் குடுக்க வேணாம்ணே" என்று அவர் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "மலைய இதுக்குள்ள போட்டுப்புடுறேன்."

அடுத்த நிமிஷம் என் காலடியில் விளக்குமாற்றுக் கட்டை இடித்தது.

கீழே இறங்கிய எனக்கு ஒரு புத்தகம் காத்திருந்தது. பெட்டியோடு வந்த பாடப்புத்தகம், முழுக்க ஆங்கிலம். பேசிக் என்ற மொழியில் வரிக்கு ஒரு நம்பர் போட்டுக் கட்டளை எழுத வேண்டும். நான் வாசித்து அர்த்தம் சொல்லச் சொல்ல வால்வு அண்ணன் தலையாட்டினார். ஒரு வாரத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டார். அவருக்கு ரொம்பப் பிடித்தது 'கோ டு' என்ற கட்டளை. இந்த நம்பருள்ள வரிக்குப் போ என்று அர்த்தம். "முந்தலுக்கு நூறாம் நம்பர் குடுத்துட்டேன் மாஸ்டரு. எவன் வளைவுல வண்டிய விட்டாலும் கோ டு நூறு. மறுபடி முந்தல்லருந்து வா" என்று குதித்தார்.

அவர் கட்டளைகளை எழுதியது சிகரெட் அட்டைகளிலும், பஸ் டிக்கெட்டுகளின் முதுகிலும். அதை முதலில் நான் தட்டச்சில் நகல் எடுத்து, அட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டு, பிறகு பெட்டியில் ஏற்ற வேண்டும். எனக்கு ஒரு யோசனை வந்தது. மாணவிகள் ஆறு பேருக்கு வேகப் பயிற்சி என்று சொல்லி அந்த வரிகளையே பாடமாகக் கொடுத்துவிட்டேன். பத்து நாள் கழித்து ஒரு மாணவியின் அப்பா வந்தார். "என்ன மாஸ்டரு, எம்மக தூக்கத்துல கோ டு நூறு, கோ டு நூறுன்னு பெனாத்துது. நூறு எந்த ஊர்ல இருக்கு?" என்று கேட்டார்.

படம் வரைவதுதான் பெரும்பாடு. ஜீப்பு, பாறை, யானை, எல்லாவற்றையும் எட்டுக்கு எட்டுக் கட்டத்தில், எந்தக் கட்டம் கறுப்பு, எந்தக் கட்டம் வெள்ளை என்று சொல்ல வேண்டும். வால்வு அண்ணன் வரைந்த ஜீப்பைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஆடு என்றார்கள். யானையைப் பார்த்தும் ஆடு என்றார்கள்.

பக்கத்து குடோனில் ஏலக்காய் பொறுக்கும் பெண்கள் முப்பது பேர் இருந்தார்கள். பச்சைக் காய், வெளுத்த காய், வெடித்த காய் என்று கண்ணாலேயே ரகம் பிரிப்பவர்கள். கை எடுக்கும், கண் அதற்கு முன்பே அடுத்த காயில் இருக்கும். அவர்களில் மூத்தவர் பேச்சியக்கா. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடைப்பக்கம் வந்தவர், ஆடாகிப்போன ஜீப்பைப் பார்த்தார். போய், காய் புடைக்கிற ஒரு சுளகோடு திரும்பி வந்தார். அட்டையில் கட்டம் கிழித்து, கறுப்புக்குப் பச்சைக் காய், வெள்ளைக்கு வெளுத்த காய் என்று அடுக்கினார். இரண்டு காயை எடுத்தார், ஒன்றை நகர்த்தினார். ஜீப்பு நின்றது. பின்னால் ஏணிகூட இருந்தது.

"இம்புட்டுத்தான தம்பி? இதுக்கா நாலு நாளா மண்டைய ஒடச்ச?"

அன்று முதல் மத்தியானந்தோறும் குடோன் வாசலில் சுளகு சுளகாகப் படம் தயாரானது. யானைக்குத் துதிக்கை வைத்தார்கள், குரங்குக்கு வால் வைத்தார்கள். ஒருத்தி தன் மாமியாரையே செய்தாள். பார்த்த உடனே எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது. குடோன் முதலாளி ஒருநாள் எட்டிப்பார்த்து, தன்னுடைய முதல் ரகக் காய் யானையாக நிற்பதைக் கண்டு திகைத்தார். கோபப்பட வந்தவர், "காது சின்னதா இருக்கு, ரெண்டு காய் சேத்து வையி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாலைக்கு ஜீப்பு டிரைவர்கள் பொறுப்பு. ஸ்டாண்டில் ஏழு டிரைவர்கள். ஏழு பேருக்கும் ஏழு மலை. ஆறாவது வளைவு கூடுதலாக ஒடிக்க வேண்டும் என்று ஒருவர், ஐந்தாவதுதான் என்று ஒருவர். சட்டை கிழியும் நிலைக்குப் போய், கடைசியில் ஏழு பேரும் ஒரே ஜீப்பில் ஏறி மேலே போய் அளந்து வந்தார்கள். அதோடு விட்டார்களா? முந்தலில் சாமிக்குச் சூடம் காட்டாமல் எவனும் மலையேறக் கூடாது என்றார்கள். ஆகவே விளையாட்டில் முந்தலில் வண்டியை நிறுத்தி ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்காமல் போனால் நான்காவது வளைவில் பஞ்சர். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். எட்டாவது வளைவில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பதின்மூன்றில் யானை.

வால்வு அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். "பெட்டியில இடம் இல்லண்ணே. யானைய ஏத்த முடியாது."

சின்னச்சாமிக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "எட்டுப் பேரு உக்கார்ற ஜீப்புல இருபத்தாறு பேர ஏத்துறோம். அம்மாம் பெரிய பெட்டியில ஒரு யானைய ஏத்த மாட்டியா?"

அதன் பிறகு வால்வு அண்ணன் இரண்டு நாள் பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. வரிகளைச் சுருக்கினார், ஒட்டினார், ஒரே வரியில் நான்கு வேலை பார்க்க வைத்தார். யானை ஏறிவிட்டது. மொத்தச் செலவு ஒரு கேசட்டும் எங்கள் எல்லோருக்கும் வாங்கிக்கொடுத்த டீயும்தான்.

முதல் நாள் விளையாட்டைப் பார்க்கக் கடைக்குள் இடம் இல்லாமல் ரோட்டில் நின்றார்கள். பேச்சியக்கா ஒரு கை பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார். காய் பொறுக்குகிற விரல் அல்லவா, நாலே நிமிஷத்தில் போடிமெட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "சோலி கெடக்கு, வர்றேன்" என்று எழுந்து போனார். கூட்டம் ஓவென்று கத்தியது. எங்கள் ஊர், எங்கள் மலை, எங்கள் யானை, அந்தச் சின்னத் திரைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு வால்வு அண்ணன் உட்கார்ந்தார். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவதில் முகம் வெளுத்தது. தான் எழுதிய விளையாட்டிலேயே அவருக்கு வாந்தி வந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஊரே சிரித்தது. ஆனால் மறுநாள் அவர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். நான்கு நாள் மூன்றிலேயே நின்றார். ஐந்தாம் நாள் ஐந்து. அப்புறம் ஏழு. கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதைப் போல ஊர் கேட்கத் தொடங்கியது. ஸ்டாண்டில் ஜீப்பு நின்றதும் கேள்வி, "வால்வு இன்னிக்கு எத்தன?" பதில், "ஒம்போது, நாட் அவுட்." மலைமேலே தங்கம்மாவுக்கும் டிரைவர்கள் வழியாகத் தினமும் ஸ்கோர் போனது. பத்தைத் தாண்டிய அன்று அவள் கொடுத்துவிட்ட அதிரசம் ஒரு தூக்குவாளி நிறைய வந்தது. வால்வு அண்ணன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தின்னாமல் உட்கார்ந்திருந்தார்.

காதுகுத்துக்கு இன்னும் ஐந்து நாள். ஸ்கோர் பதினான்கு. அப்போதுதான் எக்கோ பாண்டியால் எங்களுக்குக் கேடு வந்தது.

பெட்டியை அணைத்தால் அதற்கு எல்லாம் மறந்துவிடும். ஆகவே விளையாட்டு முழுவதையும் ஒரு பாட்டுக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தோம். கேட்டால் கீச்சென்று ஒரே சத்தமாக இருக்கும். பெட்டிக்கு மட்டும் அது புரியும். இருப்பது ஒரே கேசட், இன்னொரு நகல் இருக்கட்டும் என்று வால்வு அண்ணன் அதைக் கடைத்தெருவில் பாட்டுப் பதிந்துகொடுக்கும் பாண்டியிடம் கொடுத்தார். பாண்டி நல்லவன். எதைப் பதிந்தாலும் அதற்கு எக்கோ வைக்காமல் தரமாட்டான். கல்யாணப் பத்திரிகையை வாசித்துப் பதியச் சொன்னாலும் மாப்பிள்ளை பெயர் மூன்று தரம் மலையில் மோதித் திரும்பும்.

சாயங்காலம் கேசட்டோடு சிரித்துக்கொண்டு வந்தான். "அண்ணே, ஒங்க கேசட்டு ரொம்பக் கெட்டுப்போயிருந்துச்சு. ஒரே எரைச்சல். நான் டிரெபிளக் கொறச்சு, பேஸ் ஏத்தி, எக்கோ போட்டுக் குடுத்திருக்கேன். இப்பக் கேக்க நல்லா இருக்கு."

வால்வு அண்ணன் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழசு எங்கப்பா?"

"இதுதாண்ணே பழசு. நகல் எடுத்து, சரிபண்ணி, திருப்பி இதுலயே ஏத்திட்டேன். கெட்டத எதுக்கு வச்சிக்கிட்டு. கடேசில கொஞ்சம் எடம் இருந்துச்சு, அதுல நாதஸ்வரம் போட்டிருக்கேன்."

பெட்டியில் சொருகிப் பார்த்தோம். பெட்டி வெகுநேரம் கேட்டது. அதற்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் நாதஸ்வரம் மட்டும் மங்களகரமாக ஒலித்தது. பாண்டி அழுதுவிட்டான். அவனைச் சமாதானப்படுத்தியது வால்வு அண்ணன்தான். "நீ என்னப்பா பண்ணுவ, ஒனக்குக் காது நல்ல காது" என்றார். சொல்லிவிட்டுக் கடைக்கு ஷட்டரை இழுத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குத் தாங்கவில்லை. அந்த மனுஷனை அப்படி நான் பார்த்ததே இல்லை.

மேலே போய் என் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். காலடியில் கிடந்த பழைய தாள்கட்டு இடித்தது. வேகப் பயிற்சித் தாள்கள். ஆறு மாணவிகளும் அடித்தடித்துத் திருத்திய வரிகள், கார்பன் நகலோடு. இந்த முறை நான் மேலேயிருந்து காலால் தரையை இடித்தேன்.

மறுநாள் காலையிலிருந்து ஏற்றினோம். கரண்ட் போனால் எல்லாம் போச்சு என்பதால் சின்னச்சாமி தன் ஜீப்பைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, பேட்டரியிலிருந்து உள்ளே வயர் இழுத்துக்கொடுத்தார். பேச்சியக்காவும் இன்னும் நான்கு பேரும் தாள்களைச் சுளகில் போட்டுப் பிரித்தார்கள். படிக்கத் தெரியாது, ஆனால் அழித்து அடித்த தாள் எது, சுத்தமான தாள் எது என்று பார்வையிலேயே ஒதுக்கினார்கள். மாணவிகள் வரி வரியாக வாசித்தார்கள், நான் அடித்தேன். அந்த ரப்பர் பொத்தானில் என் விரல் வீங்கிவிட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் தட்டச்சு செய்ததில்லை, அவ்வளவு சந்தோஷமாகவும் செய்ததில்லை.

கடைசித் தாள் மட்டும் கிடைக்கவில்லை. பதினேழாவது வளைவு அதில்தான் இருந்தது; கடைசியாக எழுதியதால் மாணவிகளுக்குக் கொடுக்காமல், கார்பனும் வைக்காமல், நானே அவசரமாக அடித்த ஒரே தாள். குடோன் முழுக்கத் தேடினோம். சாப்பிட உட்கார்ந்தபோது கிடைத்தது. என் டிபன் கேரியருக்கு அடியில் நானேதான் விரித்திருந்தேன். குழம்பு கொட்டி, எழுத்தெல்லாம் கரைந்து, ஒரு வரிகூடத் தேறவில்லை. பிழையே விடாத மாஸ்டர் என்ற பெயர் அன்றோடு போயிற்று.

"பதினேழாவது இடது பக்கம் ஒடிக்கணும்ப்பா. இதுல என்ன இருக்கு?" என்றார் சின்னச்சாமி.

"சொன்னாப் பத்தாதுண்ணே. வெரலுக்குப் பழகணும்" என்றார் வால்வு அண்ணன். மறுபடி எழுத உட்கார்ந்தால் விளையாட நாள் இருக்காது. பதினாறு போதும் என்று முடிவு செய்தார். வாளியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். முதல் நாள் பன்னிரண்டு. மறுநாள் பதினைந்து. காதுகுத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பதினாறாவது வளைவை வாளியைத் தொடாமல் தாண்டினார். ஸ்டாண்டிலிருந்த ஏழு ஜீப்பும் ஹாரனடித்தன.

விடிந்ததும் சின்னச்சாமி ஜீப்பில் சீர்த்தட்டு, வாழைத்தார், பேச்சியக்கா, மாணவிகள், எக்கோ பாண்டி, நான், எல்லோரும் ஏறினோம். இருபத்தாறுக்கு மேலேயே இருப்போம். முன்சீட்டில் வால்வு அண்ணன், மடியில் அந்தக் கறுப்புப் பெட்டி. முருகேசனிடம் ஒப்படைக்க வேண்டியது. கரண்ட் இல்லாத வெறும் பெட்டிதான்.

"கரண்டு இல்லாட்டி என்ன. நீ அமுக்கு, நான் திருப்புறேன்" என்றார் சின்னச்சாமி.

முந்தலில் வால்வு அண்ணன் சூடப் பொத்தானை அமுக்கினார். சின்னச்சாமி வண்டியை நிறுத்திச் சூடம் காட்டினார். பிறகு மலை தொடங்கியது. வால்வு அண்ணன் ரோட்டைப் பார்த்தார், அமுக்கினார், ஜீப்பு திரும்பியது. இரண்டு. பின்னால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மூன்று. அவர் முகத்தில் வியர்வை பூத்தது, விரல் நிற்கவில்லை. மூன்றாவது வளைவு எங்களுக்குப் பின்னால் போய்விட்டது. "நாலு" என்று பேச்சியக்கா சொன்னார். "அஞ்சு" என்றோம் எல்லோரும். எட்டில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினோம். பதின்மூன்றில் யானை இல்லை. அவர் அதற்கும் அமுக்கிவைத்தார், சின்னச்சாமி மரியாதையாக ஒதுங்கிப் போனார். எதிரே வந்த லாரிக்காரன் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

பதினாறு முடிந்ததும் வால்வு அண்ணன் சின்னச்சாமி பக்கம் திரும்பினார். "அடுத்தது என்கிட்ட இல்லண்ணே" என்றார்.

மேகம் சாலையில் இறங்கியிருந்தது. பதினேழாவது வளைவு வந்தது. வளைவின் ஓரத்தில், கைப்பிடிச் சுவரை ஒட்டி, இடுப்பில் குழந்தையோடு தங்கம்மா நின்றிருந்தாள். வீட்டிலிருந்து அத்தனை தூரம் இறங்கி வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் வால்வு அண்ணன் இரண்டு கையையும் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார், எடுத்து ஆட்டினார். ஜீப்பு தன்பாட்டுக்கு இடப்பக்கம் ஒடித்துத் திரும்பியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்களில் பாதிப் பேருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எக்கோ பாண்டிக்கு மட்டும் வாந்தி வந்தது.

"வந்துட்டியாண்ணே" என்றாள் தங்கம்மா.

"வந்துட்டேன் ஆத்தா" என்றார்.

கோயிலில் ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். வால்வு அண்ணன் புது வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாப்பா மாமன் மடியில் உட்கார்ந்தது. காலையிலிருந்து ஊரே ஊட்டிவிட்ட சர்க்கரைப்பொங்கல் அதன் வயிற்றில். முதல் காதில் ஊசி ஏறியதும் வீரிட்டு அழுது, மொத்தத்தையும் மாமனுடைய புது வேட்டியில் கக்கிவிட்டது. வால்வு அண்ணன் ஈர வேட்டியைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார். "எம்மருமகதான், சந்தேகமே இல்ல" என்றார். மாமியார்க்காரி முதன்முதலாகச் சிரித்தாள். மறு காதும் அதே மடியில்தான் குத்தினார்கள்.

சாயங்காலம் கிளம்பினோம். பெட்டி முருகேசன் கைக்குப் போய்விட்டது. நாங்கள் எல்லோரும் ஜீப்பில் ஏறிவிட்டோம். வால்வு அண்ணன் மட்டும் ஏறவில்லை. சாலை கீழே வளைந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டரு" என்றார், "ஏறுறதுக்கு மட்டுந்தான எழுதுனோம். எறங்குறதுக்கு எழுதலையே."

அது உண்மைதான். எங்களில் ஒருவருக்கும் அந்த நினைப்பே வரவில்லை.

"நீ கீழ போயி எறங்குறத எழுதி அனுப்பு. பெட்டி இல்லாட்டி என்ன, ஒரு பலகையில வெரல வச்சுப் பழகிக்கிட்டு வந்துர்றேன்" என்றார். பாப்பா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பஞ்சு வைத்த காதோடு எங்களைப் பார்த்தது.

அவர் இறங்கவே இல்லை. மேலே தங்கம்மா வீட்டை ஒட்டி ஒரு கடை போட்டார். எஸ்டேட் ரேடியோக்களெல்லாம் அவரிடம் போய்ச் சேர்ந்தன, வழக்கம்போல் திரும்பி வரவில்லை. கீழே அவர் கடையில் இருந்த சாமான்களை நாங்கள்தான் உரியவர்களிடம் கொடுத்தோம். ஏலக்காய் முதலாளிக்கு அவருடைய டி.வி. கிடைத்தது. அவர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "யானைய எங்க?" என்று கேட்டார்.

இத்தனை வருஷமாக மாதம் ஒரு தடவை நான் மேலே போய் அவரைப் பார்த்துவிட்டு வருகிறேன். பாப்பா இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது வால்வு அண்ணன் கேட்பார், "எறங்குறத எழுதிட்டியா மாஸ்டரு?" எழுதிக்கிட்டே இருக்கேண்ணே என்பேன். பலகையில் பழகத்தானே, இடது, வலது என்று மொத்தம் பதினேழு வரி. ஏறுகிறதைத் தலைகீழாகப் போட்டால் முடிந்தது. எனக்குக் கால் மணி நேரம் ஆகாது, அவருக்குப் பத்து நிமிஷம். அவரும் இதுவரை எழுதவில்லை. என் மாடியில் இப்போதும் கீழேயிருந்து யாராவது கூரையை இடிக்க மாட்டார்களா என்று இருக்கும். சில நாள் மெஷினில் தாளைச் சொருகி, பதினேழு என்று அடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம் தங்கம்மா வாசலில் அவர் உட்கார்ந்திருக்கிற அழகு ஞாபகத்துக்கு வரும். தாளை உருவிக்கொண்டு, மெஷினுக்கு உறையைப் போட்டுவிடுவேன்.